வழி சொன்னவருக்கு மரியாதை

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் வழி தவற வேண்டுமென்றால் அதற்குத் தனி முயற்சி தேவை. பெருங்களத்தூர், வண்டலூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி என்று ஊர்கள் ரேஷன் கடை வரிசையைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. தலைக்கு மேலே பச்சைப் பலகைகளில் ஊர்ப்பெயர்களும் அம்புக்குறிகளும் இருக்கின்றன. போதாக்குறைக்குப் பக்கத்திலேயே மின்சார ரயில் வேறு துணைக்கு ஓடுகிறது. அந்தச் சாலையில், அப்படியொரு பலகைக்கு நேர் கீழே காரை ஓரங்கட்டி, வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தவரிடம், "ஏங்க, செங்கல்பட்டுக்கு இப்படித்தானே போகணும்?" என்று கேட்ட ஒரே மனிதரை நான் அறிவேன். சேலையூரில் எங்கள் தெருவில் அவர் எனக்கு எதிர்வீட்டுக்காரர். தெருவில் எல்லோருக்கும், அவரைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவர் அக்கா. எனக்கும் அப்படியே.

வெள்ளரிக்காய்க்காரர் அண்ணாந்து பலகையைப் பார்த்தார். பிறகு குனிந்து அக்காவைப் பார்த்தார்.

"நேரா போம்மா."

"எங்கயும் திரும்ப வேணாமா?"

"திரும்புனா வூட்டுக்குத்தான் போவே."

அக்காவுக்குப் பரம திருப்தி. நன்றி சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினார். நான் பொறுக்க முடியாமல், "அக்கா, உங்களுக்கு வழி தெரியாதா?" என்றேன்.

"தெரியுமே."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

"தெரிஞ்ச வழியைத்தான் கேக்கணும் டீச்சர். தெரியாத வழியைக் கேட்டா, அவங்க சொல்றது சரியா தப்பான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

தர்க்கம் படித்தவர்கள் இதில் குறை கண்டுபிடிக்கலாம். நான் பள்ளியில் சரித்திரம் நடத்துபவள், என்னால் முடியவில்லை.

எங்கள் பயணங்கள் எல்லாமே ஒரு நாள் பயணங்கள். ஞாயிறு காலையில் கிளம்பி, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். வெளியூர் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைப் பற்றி எங்கள் இருவருக்குமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. அக்கா கணவர் இறந்த பிறகுதான் காரோட்டக் கற்றுக்கொண்டார். எங்கள் கூட்டணி இப்படி அமைந்தது: எங்கே புறப்படுவது என்பதை நான் தீர்மானிப்பேன், எங்கே போய்ச் சேர்வது என்பதைச் சாலையோரத்தில் நிற்பவர்கள் தீர்மானிப்பார்கள்.

வழி கேட்கும் இந்தப் பழக்கத்துக்கு மூல காரணம் கணவர்தான் என்பது அக்காவின் வாதம். அந்த மனிதர் தம் ஆயுளில் யாரிடமும் வழி கேட்டதில்லையாம். ஊரையே மூன்று சுற்றுச் சுற்றுவாரே தவிர, கண்ணாடியை இறக்கமாட்டாராம். "எங்க கல்யாணத்துக்கே தப்பான மண்டபத்துக்குப் போயிட்டார் டீச்சர். போய் உக்காந்து டிபனும் சாப்பிட்டிருக்கார். கேசரி நல்லா இருந்துச்சாம். பொண்ணு மாறியிருக்கேன்னு பாத்த அப்புறம்தான் எந்திரிச்சு வந்தார்." இந்தக் கதையின் உண்மை பொய்யை நான் ஆராயவில்லை. கேசரி பற்றிய விவரம் மட்டும் நம்பும்படியாக இருந்தது.

கார் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார். இடப்பக்கக் கண்ணாடி ஏறி இறங்கி, ஏறி இறங்கி அலுத்துப்போய், ஒரு நாள் பாதியில் நின்றுவிட்டது. அதன் பிறகு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அந்தப் பக்கம் உட்கார்பவள் நான். அக்காவின் கேள்வி என் மூக்குக்கு முன்னால் புறப்பட்டுப் போகும். பதில் அதே பாதையில், சில சமயம் வெற்றிலை வாசனையோடு, திரும்பி வரும்.

யாரிடம் கேட்பது என்பதில் அக்காவுக்குத் திட்டமான கொள்கை இருந்தது. போலீஸ்காரரிடம் கேட்கக்கூடாது, பதிலுக்கு அவர் லைசென்ஸ் கேட்பார். போனில் பேசுபவரிடம் கேட்கக்கூடாது. அவருக்கு ஏற்கெனவே ஒரு தொந்தரவு இருக்கிறது. "சும்மா நிக்கிறவரா பாருங்க டீச்சர். அவர்தான் பாவம். காலையிலேர்ந்து அவரை யாரும் ஒண்ணும் கேட்டிருக்கமாட்டாங்க." அப்படிப்பட்டவர் கிடைத்துவிட்டால் அக்கா வேகத்தைக் குறைக்கும் விதமே தனி. கோயில் யானையைப் பார்த்த குழந்தை மாதிரி முகம் மலர்ந்துவிடும். அந்த ஆளும் கேள்வியைக் கேட்டதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு கணத்தில் வட்டாட்சியர் ஆகிவிடுவார்.

இதில் எல்லோரும் அப்படி மகிழ்ந்தார்கள் என்று சொல்லமுடியாது. கோவளத்தைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் அக்கா மகாபலிபுரத்துக்கு வழி கேட்டார். அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைக்காமலேயே பேசினார்.

"இன்னாம்மா, கடலு இந்தாண்ட கீது, ரோடு அந்தாண்ட கீது. நேரா போனா மாபலிபுரம். இதுல இன்னா டவுட்டு ஒனக்கு?"

"இல்ல, நடுவுல எங்கயாவது பிரியுமோன்னு..."

"பிரிஞ்சா தண்ணியில உழுவே. யாவார நேரத்துல வந்து பேஜார் பண்ணிகினு."

அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. திட்டு வாங்கியதற்காக அல்ல. வியாபாரத்தைக் கெடுத்துவிட்டோமே என்று. இறங்கிப்போய் மீன் கேட்டார். அக்கா பிறந்ததிலிருந்து முட்டையைக்கூடத் தொடாதவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

"கொயம்புக்கா, வறுவலுக்கா?" என்றார் அந்த அம்மாள்.

அக்கா ஆழ்ந்து யோசித்தார். "நீங்க எது சொல்றீங்களோ அது."

அந்தப் பதிலில் அந்த அம்மாள் உருகிவிட்டார். தனியாக எடுத்து வைத்திருந்த சங்கரா மீனைச் சுத்தம் செய்து, மசாலா தடவும் முறையை இரண்டு தரம் சொல்லி, "இந்தா அக்கா" என்று கொடுத்தார். மீன் எங்களோடு மகாபலிபுரம் வந்தது. சித்திரை வெயிலில் வண்டிக்குள் அதை விட மனமில்லாமல் அக்கா பையோடு கையில் எடுத்துக்கொண்டார். பல்லவர் சிற்பங்களின் முன் நின்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்களைச் சுற்றி அரைவட்டமாகப் பூனைகள் உட்கார்ந்திருந்தன. என் ஆசிரியப் பணியில் அவ்வளவு கண்ணிமைக்காத கவனத்தை நான் பெற்றதில்லை.

இதுவரை சொன்னது வெறும் பழக்கம்தான். அக்காவின் ஆளுமை என்று ஒன்று உண்டென்றால் அது பதில் கிடைத்த பிறகுதான் தொடங்கும்.

முதல் தடவை அதைக் கண்டது படப்பை கடைத்தெருவில். வாலாஜாபாத்துக்கு வழி கேட்டோம். பூக்கடையில் நின்ற ஒருவர், கை நிறைய மாலைகளுடன், தாம்பரம் பக்கமாக, அதாவது நாங்கள் வந்த பக்கமாக, கையை நீட்டினார். தவறு என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அக்கா பணிவாகத் தலையாட்டிவிட்டு, வண்டியைத் திருப்பி, வந்த வழியே ஓட்டத் தொடங்கினார்.

"அக்கா, இது நம்ம வீட்டுக்குப் போற வழி."

"தெரியும் டீச்சர்."

"திருப்புங்க."

"எப்படித் திருப்புறது? அவர் பாத்துகிட்டிருக்கார்."

பின்கண்ணாடியில் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். போதாததற்குக் கையைத் தூக்கி "போங்க, போங்க" என்று உற்சாகப்படுத்தினார்.

"கேட்டது நாம. வேலையை விட்டுட்டு சொன்னது அவர். அவர் கண்ணு முன்னாலயே வேற பக்கம் போனா, அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்? கண்ணுக்கு மறையிற வரைக்குமாவது போகணும் டீச்சர். அதுதான் மரியாதை."

அந்த மனிதர் நெடுநேரம் பார்த்தார். அவர் மறைந்த பிறகு வண்டியைத் திருப்பினோம். ஆனால் திரும்பி வரும்போது அதே பூக்கடையைத் தாண்டவேண்டுமே! அவர் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று அக்கா ஒரு சந்துக்குள் புகுந்தார். அந்தச் சந்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அன்று வாலாஜாபாத்தை நாங்கள் பார்க்கவில்லை. தண்ணீர் லாரியை மிக நன்றாகப் பார்த்தோம்.

இந்த விதியில் ஓர் ஓட்டை இருந்தது. வழி சொன்னவர் கண்ணுக்கு மறையாமல் கூடவே வந்துவிட்டால் என்ன செய்வது? அது உத்திரமேரூர்ப் பயணத்தில் நடந்தது. ஊராட்சித் தேர்தல் விதிகளைச் சோழர்கள் கோயில் சுவரிலேயே பொறித்துவைத்த ஊர். அந்தக் கல்வெட்டைப் பார்ப்பதற்காக ஒரு வாரம் புத்தகமும் கையுமாக இருந்தேன். ஊருக்குக் கொஞ்சம் முன்னால், மதகு ஓரமாக மொபெட்டில் சாய்ந்து நின்ற ஒருவரிடம் அக்கா, "கல்வெட்டு இருக்கிற கோயிலுக்கு எப்படிங்க போகணும்?" என்றார்.

"கல்வெட்டா? நம்ம கோயிலுதாம்மா. என் பின்னாலயே வாங்க."

அவர் இடப்பக்கம் திரும்பினார். உத்திரமேரூர் நேராக இருந்தது.

"அக்கா..." என்றேன்.

"வண்டியையே எடுத்துட்டாரே டீச்சர். இனிமே என்ன பண்றது?"

ஏரிக்கரை, கரும்புத் தோட்டம், செங்கல் சூளை எல்லாவற்றையும் தாண்டி அவர் பின்னால் போனோம். வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்து நாங்கள் வருகிறோமா என்று உறுதி செய்துகொண்டார். போய்ச் சேர்ந்த கோயிலுக்குக் கிளிப்பச்சையில் வர்ணம் அடித்து, வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கங்களை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே, பளபளவென்று தேய்த்த கருங்கல்லில், கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன.

"இதாம்மா கல்வெட்டு. மேலேர்ந்து மூணாவது நம்ம பேரு."

அக்கா மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தார். ஒவ்வொருவரும் யார், யாருக்கு மச்சான் என்று அவர் விளக்கம் சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு வேண்டுகோள் இருந்தது. ஒரு வாரம் படித்த படிப்பை வீணாக்க வேண்டாமே என்று நானும் அந்தக் கல்வெட்டின் எழுத்தமைதியைப் பற்றிச் சில நல்ல வார்த்தைகள் சொன்னேன். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். அற்புதமான பொங்கல். உத்திரமேரூர்க் கல்வெட்டை இன்றுவரை நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அக்கா இப்போது பெங்களூரில், மகன் வீட்டில் இருக்கிறார். கன்னடத்தில் வழி கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டதாகப் போனில் சொன்னார். அவர்கள் சொல்லும் பதில் புரிகிறதா என்றேன். "அது எதுக்கு டீச்சர்? கை எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் போகவேண்டியதுதானே" என்றார்.

அந்த மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பையன், கணினி வேலை. பெங்களூரில் இருந்துகொண்டே அம்மா எங்கே போகிறாள் என்பதைத் தன் போனில் பார்க்கும்படி ஏதோ ஏற்பாடு செய்து வைத்திருந்தான். அக்கா இன்னும் சேலையூரில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை திடீரென்று வந்து இறங்கியவன், அக்கா சமையலறையில் இருந்தபோது என்னைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினான். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அதில் நீலக் கோடுகளாகக் கிடந்தன. சுவரில் குழந்தை கிறுக்கியதுபோல் இருந்தது.

"பாருங்க ஆன்ட்டி. ஒரகடம் ரவுண்டானாவையே சுத்திச் சுத்தி வந்திருக்காங்க. இங்க பாருங்க, படப்பை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, மறுபடி போயி, ஒரு சந்துக்குள்ள போயி நின்னிருக்காங்க. இது தெரிஞ்ச ரோடு ஆன்ட்டி. அம்மாவுக்கு மறதி வந்துடுச்சா? உண்மையைச் சொல்லுங்க."

தண்ணீர் லாரியிலிருந்து தொடங்கலாம் என்று வாயைத் திறந்தபோது, சமையலறை வாசலில் அக்கா கரண்டியும் கையுமாக நின்று, வேண்டாம் என்று தலையசைத்தார்.

பிறகு தனியாகக் கேட்டேன், ஏன் அவனிடம் சொல்லக்கூடாது என்று. "சொன்னா நம்புவானா? நம்பினாலும் இதுக்கு மறதியே தேவலாம்னு நெனப்பான். மறதிக்காவது மாத்திரை இருக்கு" என்றார்.

மகன் நியாயமானவன். மறுநாள் ஞாயிறு, திருக்கழுக்குன்றம் வரை அம்மாவே ஓட்ட வேண்டும், தான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன் என்றான். யாரிடமும் எதுவும் கேட்காமல், எங்கும் சுற்றாமல் நேரே போய் நேரே திரும்பிவிட்டால் வண்டியைப் பற்றிப் பேசவே மாட்டான். இல்லையென்றால் வண்டியை விற்றுவிட வேண்டியதுதான். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருவர் சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்கா சரி என்றார். வண்டி போய்விட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் விடைத்தாள் திருத்துவேன். அக்கா எதிர்வீட்டில், எல்லாத் திசையும் தெரிந்த நான்கு சுவர்களுக்கு நடுவே இருப்பார்.

மறுநாள் நான் பின் இருக்கையில். அக்கா ஓட்டிய ஓட்டத்தை லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். பெருங்களத்தூரில் ஒருவர் சும்மா நின்றார்; அக்கா அவரைப் பார்க்கவில்லை. கூடுவாஞ்சேரியில் இரண்டு பேர் சும்மா நின்றார்கள். அக்காவின் கழுத்து மட்டும் லேசாக அந்தப் பக்கம் இழுத்தது. செங்கல்பட்டில் இடப்பக்கம் திரும்பித் திருக்கழுக்குன்றம் சாலையைப் பிடித்தபோது, மகன் போனை மடியில் கவிழ்த்துவிட்டு, "சூப்பர்மா" என்றான். திருக்கழுக்குன்றத்து மலை தூரத்தில் தெரிந்தது. ஒரு டீ குடிக்கலாம் என்றும் அவன்தான் சொன்னான்.

அதுதான் வினை. அக்கா யாரையும் கேட்கவில்லை என்பதற்கு நான் சாட்சி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருக்குத் தாயி?"

இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க அக்காவால் எப்படி முடியும்?

"திருக்கழுக்குன்றம்ங்க."

"நேரா போவாதீங்க. தோ, அந்தப் பக்கம் ஒரு ரோடு பிரியுது பாருங்க, அதுல போங்க. சுருக்கா போயிரலாம்."

அது சுருக்கு வழி இல்லை. எங்கேயும் போகாத, வீட்டுமனைக் கொடிகள் நட்ட ஒரு செம்மண் பாதை. மகனின் போன் நேராகப் போகச் சொன்னது. மலை நேராகத் தெரிந்தது. நாங்கள் வண்டியில் ஏறினோம். பெரியவர் எழுந்து, டீ டம்ளருடன் சாலை ஓரம் வரை வந்து நின்றார்.

அக்கா இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். கண்ணாடியில் பார்த்தார். பெரியவர் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். அக்கா ஒரு பெருமூச்சு விட்டு, செம்மண் பாதையில் திருப்பினார்.

"அம்மா, இது தப்பான வழி."

"தெரியும்டா."

"தெரிஞ்சா ஏம்மா திரும்பினே?"

"அவர் பாத்துகிட்டிருக்கார்டா."

மகன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். மருத்துவமனை வராந்தாவில் உறவினர்கள் பார்த்துக்கொள்ளும் பார்வை அது. அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பினோம்.

சாயங்காலம் அக்காவும் நானும் பால் வாங்கத் தெருமுனைக் கடைக்கு நடந்தோம். வண்டி பார்க்க வருபவர் இன்னும் வந்து சேரவில்லை. கடை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கழற்றிவிட்டுக் கேட்டார் என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"அக்கா, மூணாவது குறுக்குத் தெரு எதுங்க? அங்க ஒரு வீட்டுல கார் விக்கிறாங்களாம்."

மூன்றாவது குறுக்குத் தெருவில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். பெயர்ப்பலகையைப் போஸ்டர் மூடியிருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"இப்படியே அகரம்தென் ரோட்டைப் பிடிங்க," என்றார், இத்தனை நாளும் கேட்டுப் பழகிய அத்தனை வழிகாட்டிகளின் நிதானத்துடன். "நேரா போனீங்கன்னா ஒரு அரிசி மில் வரும். அங்க வலப்பக்கம் திரும்பணும். அப்புறம் ஒரு பெரிய ஏரி வரும். ஏரிக்கரையோடயே போங்க, மாடம்பாக்கம் பழைய கோயில் வரும். கோயில் தாண்டி யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

"ரொம்ப நன்றிக்கா."

அவர் அந்தப் பக்கமே போனார். அக்கா கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார். "சொன்ன பக்கமே போறார் டீச்சர்" என்றார். குரலில் வெற்றி இல்லை.

வீட்டில் மகன் அவருக்குப் போன் செய்து கொண்டிருந்தான். "ஒரு அக்கா வழி சொல்லியிருக்காங்க சார், மாடம்பாக்கம் வழியா வந்துகிட்டே இருக்கேன்" என்றாராம். அவர் வந்து சேர்ந்தபோது காபி டிகாக்‌ஷன் ஆறிவிட்டிருந்தது. கால்சட்டையில் முழங்கால்வரை சேறு. கேட்டைத் திறந்தவர், வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தார்.

"யார் சார் உங்களுக்கு அப்படி வழி சொன்னது?" என்றான் மகன், கோபமாக. "மூணாவது தெரு இங்க இருக்கு, மாடம்பாக்கம் போகச் சொல்லியிருக்காங்க!"

அந்த மனிதர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "இல்ல சார், அவங்க கரெக்டாத்தான் சொன்னாங்க. நான்தான் அரிசி மில்லாண்ட திரும்பறதைக் கொழப்பிட்டேன்."

அக்காவின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"ஏரி வரைக்கும் போனீங்களா?"

"ஏரியத் தாண்டிக் கோயில் வரைக்கும் போனேங்க. ஏரியில தண்ணி நல்லா இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் வந்துச்சு."

"தப்பா இருக்கேன்னு பாதியிலயே தோணலையா?"

"தோணுச்சுங்க." அவர் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அவ்ளோ பொறுமையா சொன்னீங்களே, முழுசா போய்ப் பாக்காம திரும்பறது எப்படின்னு..."

மகன் அம்மாவைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். பிறகு அரிசி மில், வலப்பக்கம், ஏரி, கோயில் என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவனும் அந்தப் பகுதியில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன்தான். ஒரு திருப்பம்கூட விடாமல் இத்தனை துல்லியமாக ஒருவரைத் தப்பான இடத்துக்கு அனுப்பும் மூளைக்கு எந்த நோயும் இல்லை என்பது அவன் முகத்தில் மெல்ல மெல்ல விடிந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நீ நல்லாத்தான் இருக்கே," என்றான். "சார், மன்னிச்சுக்குங்க. வண்டி விக்கலை. எங்க அம்மாவே ஓட்டட்டும்."

இத்துடன் கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். அந்த மனிதர், "பரவால்ல சார், வண்டி கைவிட்டுப் போறதுன்னா கஷ்டம்தான்" என்று சொல்லித் திரும்பினார். சேற்றுக் கால்தடம் படாமல் ஓரமாக நடந்து கேட்டை நோக்கிப் போனார்.

"இருங்க," என்றார் அக்கா.

உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். மகன், "அம்மா, நான்தான் வேணாம்னு சொல்லிட்டேனே" என்று பதறினான். நானும் கையைப் பிடித்தேன்.

"அக்கா, உங்களுக்கு வண்டி வேணும். அது உங்களுக்கும் தெரியும்."

"தெரியும் டீச்சர்," என்றார் அக்கா. "ஆனா அவ்ளோ தூரம் போயிட்டு வந்திருக்கார். இவர்கிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். காலையில், பெரியவர் டம்ளரைத் தூக்கியபோது.

அடுத்த ஞாயிறு அவர் வண்டியை எடுத்துப்போக மனைவியுடன் வந்தார். இடப்பக்கக் கண்ணாடி பாதியில் நிற்பதைக் காட்டி, இது ஏறாதா என்று அந்தப் பெண் கேட்டார். "வேணாம்மா, அப்படியே இருக்கட்டும். வழி கேக்க வசதியா இருக்கும்," என்றார் அக்கா. அந்த மனிதர் வண்டியைக் கிளப்பினார். பிறகு அணைத்தார். கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்து, அப்போதுதான் வானத்திலிருந்து சேலையூரில் இறங்கியவர்போல் கேட்டார்:

"அக்கா, ஜி.எஸ்.டி. ரோடுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

அக்காவின் முகம் மலர்ந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "இடப்பக்கம் போய், முனையில வலப்பக்கம் திரும்பி, அப்புறம் நேரா," என்று கையை நீட்டினார்.

அவர் நன்றி சொல்லி இடப்பக்கமே போனார். வண்டி முனையில் திரும்பிய பிறகுதான் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ டீச்சர், அங்க சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்காங்களே. வண்டி போகாது."

"அவர் வரும்போதே அதைப் பாத்துட்டுத்தானே வந்திருப்பார்," என்றேன்.

நாங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் இல்லை. பிறகு தெருவின் மறுகோடியில், வலப்பக்கத்தில், பின்தெரு வழியாகச் சுற்றிவந்த அந்தச் சாம்பல் நிறக் கார், எங்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்பதுபோல் மிக மெதுவாக எட்டிப் பார்த்து, சட்டென்று குறுக்கே கடந்து, ஜி.எஸ்.டி. சாலையை நோக்கி ஓடி மறைந்தது.